அரிப்புக்கு எந்த ட்யூப்? வெள்ளம் வடிந்தபின் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுக்குள் தண்ணீர் இடுப்பளவு நிற்கும்போது யாரும் குனிந்து தம் பாதத்தைப் பார்ப்பதில்லை. நீர் வடிந்து, விரலிடுக்குகள் வெளுத்து, தோல் உரிந்து எரியும்போதுதான் கால் என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வரும். உடனே அலமாரியில் கிடக்கும் ஏதோ ஒரு களிம்பை எடுத்துத் தடவுகிறோம். என்னைக் கேட்டால், வெள்ளத்துக்குப் பிறகு நடக்கும் தவறுகளில் மிகச் சாதாரணமாகத் தோன்றி மிக நீண்ட நாள் படுத்துவது இதுதான்.

சேற்றுப்புண்ணில் பெரும்பாலும் பூஞ்சை இருக்கும், சில வேளை பாக்டீரியாவும் சேர்ந்துகொள்ளும். படர்தாமரை முழுக்கப் பூஞ்சையின் வேலை. ஆனால் "அரிப்புக்கு ஒரு ட்யூப்" என்று கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. தடவிய இரண்டே நாளில் சிவப்பும் அரிப்பும் அடங்கிவிடும். அதிசய மருந்து என்று பக்கத்து வீட்டுக்கும் கொடுப்போம். அடங்கியது அழற்சி மட்டுமே. எதிர்ப்பு குறைந்த தோலில் பூஞ்சை தாராளமாகப் பரவும். வட்டமும் விளிம்பும் அழிந்துபோவதால், பிறகு பார்க்கும் மருத்துவருக்கே அது படர்தாமரை என்று தெரியாமல் போகலாம். தொடையிடுக்கில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, அழியாத வரிகள் விழும். அட்டையில் உள்ள சேர்மானத்தைப் படியுங்கள். குளோட்ரிமசோல், டெர்பினாஃபின் போன்ற பூஞ்சைக்கொல்லி மட்டும் இருக்கிற களிம்பே போதும். அதையும் அரிப்பு நின்ற அன்றே நிறுத்திவிடாமல், சொன்ன காலம் முழுக்கத் தடவ வேண்டும்.

எல்லா அரிப்பும் பூஞ்சை அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெள்ளநீரில் சாக்கடை மட்டுமா வருகிறது? எரிபொருளும் பூச்சிக்கொல்லியும் கலந்தே வருகின்றன. நீர் நின்ற மட்டம் வரை கோடு போட்டதுபோல் தோல் சிவந்திருந்தால் அது ரசாயனத்தின் எரிச்சலாக இருக்கலாம். முகாமில் நெருக்கியடித்துப் படுத்த பிறகு, இரவில் அதிகமாகி, வீட்டில் எல்லோரும் சொறியத் தொடங்கினால் அது சிரங்காக இருக்கலாம். சிரங்கில் ஒருவர் மட்டும் மருந்து போட்டுக்கொள்வது வீண். வீட்டில் உள்ள அனைவரும் ஒரே நாளில் போட வேண்டும். சிரங்கை உண்டாக்கும் நுண்பூச்சி செத்த பிறகும் சில வாரம் அரிப்பு நீடிக்கும். மருந்து பலிக்கவில்லை என்று அதையே தினமும் பூசித் தோலைப் புண்ணாக்கிக்கொள்பவர்கள் உண்டு.

நீண்ட நேரம் நீரில் நின்று பாதம் வெளுத்துச் சுருங்கி மரத்துப் போனால், அதை நெருப்பருகே நீட்டாதீர்கள். சூடு உறைக்காத காலில் கொப்புளம் எழுந்த பிறகுதான் தெரியவரும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது இரட்டிப்பு ஆபத்து. கழுவி, விரலிடுக்கு வரை துடைத்து, இரவில் காலுறையின்றிக் காற்றாட விடுவதே முதல் வைத்தியம். ரப்பர் பூட்ஸ் நல்லதுதான். ஆனால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்ட பூட்ஸை நாள் முழுக்கப் போட்டிருந்தால் கால் வெள்ளத்தில் நிற்பதற்கும் அதற்கும் வேறுபாடில்லை.

அடுத்தது, "சின்னக் கீறல்தானே" என்ற அலட்சியம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியில் டெட்டனஸ் எனப்படும் ரணஜன்னி வரிசையாகத் தோன்றியது. உயிர்களும் போயின. சேறு பட்ட காயத்தைச் சுத்தமான நீரும் சோப்பும் கொண்டு சில நிமிடம் நன்றாகக் கழுவ வேண்டும். நீர் கலக்காத கிருமிநாசினியை அப்படியே ஊற்றினால் ஆறவேண்டிய திசுவும் வெந்துபோகும். ஆழமான அழுக்குக் காயத்துக்கு மருத்துவர் உடனே தையல் போடாவிட்டால் அவரிடம் வற்புறுத்தாதீர்கள். கிருமியை உள்ளே வைத்துத் தைக்கக் கூடாது என்றுதான் திறந்து விடுகிறார். ரணஜன்னித் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று யோசியுங்கள். அழுக்குக் காயம் என்றால், 5 ஆண்டுகள் ஆகியிருந்தாலே மீண்டும் போடச் சொல்வார்கள். சில மணி நேரத்துக்குள் சிவப்பு பரவி, புண்ணின் அளவுக்குப் பொருந்தாத வலி வந்தால் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. 2005-இல் காட்ரினா சூறாவளிக்குப் பிறகு அமெரிக்காவில் விப்ரியோ கிருமிகள் காயத்தின் வழியே புகுந்து சிலரைக் கொன்றிருக்கின்றன. கல்லீரல் நோய் உள்ளவர்களிடம் அவை மிக மூர்க்கமாகச் செயல்படும்.

மற்ற தவறுகளை விரைவாகச் சொல்லிவிடலாம். கலங்கிய நீரில் நேரடியாகக் குளோரின் மாத்திரையைப் போட்டால் அது சேற்றோடு போராடித் தீர்ந்துவிடும். வடிகட்டிய பிறகு போட்டு, அரை மணி நேரம் விட்டுக் குடிக்க வேண்டும். ப்ளீச்சிங் கரைசலையும் கழிவறை அமிலத்தையும் கலந்தால் நச்சுவாயு வரும். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ ஜன்னலருகிலோ ஓடவிட்டால், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே கொன்றுவிடும். வயிற்றுப்போக்குக்கு முதல் மருந்து நீர்ச்சத்துதான். 1 லிட்டர் சுத்தமான நீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. பாம்பு கடித்தால் கயிறு கட்டுவதும் கீறுவதும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

எலிக்காய்ச்சலை அப்படி விரைந்து கடக்க முடியாது, ஏனென்றால் அது மறுபடியும் நம்மைக் காலுக்கே கொண்டுவருகிறது. எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரில் உள்ள லெப்டோஸ்பைரா கிருமி, கீறல் வழியாகவும் ஊறி மெலிந்த தோல் வழியாகவும் நுழைகிறது. பெரும்பாலும் 5 முதல் 14 நாளில், சிலருக்கு ஒரு மாதம் கழித்துக்கூடக் காய்ச்சல் வரும். கெண்டைக்கால் தசையைத் தொட்டாலே வலிக்கும், பீளை தள்ளாமலே கண் சிவக்கும். சிலருக்குக் காய்ச்சல் தணிந்து, தேறிவிட்டோம் என்று நினைக்கும் வேளையில் மஞ்சள் காமாலை காணும், சிறுநீர் குறையும். வரும்முன் தடுக்கக் கொடுக்கப்படும் டாக்ஸிசைக்ளின், பெரியவர்களுக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம், மருத்துவர் சொன்னால் மட்டும். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் தாமாக எடுக்கக் கூடாது. மாத்திரை போட்டாயிற்று என்று வெறுங்காலுடன் சேற்றில் இறங்குவதும் கூடாது.

டெங்குவும் அதே வாரங்களில் வரக்கூடும் என்பதால், எந்தக் காய்ச்சல் என்று தெரியும்வரை ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் வேண்டாம், பாராசிட்டமால் போதும். காய்ச்சலோடு போகும்போது வெள்ளம் வடிந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும், நீங்களே அதை மறந்திருப்பீர்கள். எந்தத் தேதியில் தண்ணீரில் இறங்கினீர்கள், எத்தனை மணி நேரம் நின்றீர்கள், காலில் புண் இருந்ததா என்பதை மருத்துவர் கேட்கும்முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.