திருகோணமலையில் வாடகைக்கு விட வீடு வாங்குகிறவர்களுக்கு

வங்கிக் கடன் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். பாலையூற்றில் இரண்டு வீடு வாடகைக்கு விட்டிருக்கிறேன். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் காசு அனுப்ப, ஊரில் நிற்கிற தம்பியோ மச்சானோ வீடு பார்த்துத் திரிகிற காலம் இது. அப்படி வருகிறவர்கள் முதலில் கேட்பது, "மாசம் எவ்வளவு வாடகை வரும் அக்கா?" என்பதைத்தான். "உறுதிக் காணியா, பெர்மிட் காணியா?" என்று நான் திருப்பிக் கேட்பேன். உறுதிக் காணி, உறுதிப் பத்திரத்தோடு ஒருவருக்குச் சொந்தமான காணி; பெர்மிட் காணி, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி.

நம் மாவட்டத்தில் இது தெரியாமல் அச்சவாரம் கொடுக்கவே கூடாது. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த காணிகள் இங்கே ஏராளம். பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் அவற்றைக் கைமாற்ற முடியாது. அப்படியிருந்தும் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து வைத்துக் காசு கைமாறுவது நடந்துகொண்டுதான் இருக்கிறது. விலை மலிவு என்று அதில் விழுந்துவிடாதீர்கள். அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு எந்த வங்கியிடமும் கடன் கேட்க முடியாது. இன்னொன்று: 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜைகளுக்கு இங்கே காணி எழுதிக் கொடுக்க முடியாது. கனடாப் பிரஜையாகிவிட்ட பிள்ளை தன் பேரில் வாங்குவதென்றால் முதலில் இரட்டைப் பிரஜாவுரிமை எடுக்கட்டும்.

உறுதிக் காணிதான் என்றால், கடந்த 30 வருடத்தில் காணி யார் யார் கைக்கு மாறியது, ஈடு ஏதும் இருக்கிறதா என்று காணிப் பதிவகத்தில் தேடல் போட்டுப் பாருங்கள். வங்கி எப்படியும் கேட்கும். அதோடு நில அளவைப் படம், நகர சபையோ பிரதேச சபையோ அங்கீகரித்த கட்டடப் படம், கட்டி முடித்ததற்கான இணக்கச் சான்றிதழ், வீதி அகலிப்புக் கோடு காணிக்குள் வருகிறதா என்று காட்டும் தெருக்கோட்டுச் சான்றிதழ், ஆதன வரி கட்டிய பற்றுச்சீட்டு எல்லாம் வேண்டும். யுத்தத்துக்குப் பிறகு அவசர அவசரமாகக் கட்டிய வீடுகளில் கட்டடப் படத்தில் இல்லாத ஓர் அறை பின்னால் நிற்கும். மதிப்பீட்டாளர் அதைக் கணக்கில் எடுக்காமல் விடலாம். வங்கி கடன் கொடுப்பது அவர் போடுகிற பெறுமதிக்கு, விற்கிறவர் வாயால் சொல்லுகிற விலைக்கு அல்ல. இடைவெளியை உங்கள் கைக்காசால்தான் நிரப்ப வேண்டும். அதற்கு மேல் உறுதி எழுதுகிற கூலியும் முத்திரைத் தீர்வையும் இருக்கின்றன.

இப்போது கடன். நான் ஒரே பிடியாக நிற்கிற இடம் இது: வாடகையை நம்பித் தவணை கட்டாதீர்கள். சம்பளத்தில் கட்டக்கூடிய தவணைக்கு மட்டும் கடன் எடுங்கள். 60 லட்சம் ரூபாயை 15 வருடத்துக்கு 12 சதவீத வட்டியில் எடுத்தால் மாதம் சுமார் 72,000 ரூபாய் கட்ட வேண்டும். அதே கடனுக்கு வட்டி 18 ஆனால் சுமார் 96,600. வீட்டுக்கு 45,000 வாடகை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் எங்கிருந்து வரும்? 2022 ஏப்ரலில் மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. மாறும் வட்டியில் கடன் எடுத்திருந்தவர்களின் முகங்கள் அப்போது எப்படி மாறின என்பது எனக்குத் தெரியும். "எத்தனை வருடத்துக்கு வட்டி மாறாது, அதற்குப் பிறகு எதை வைத்து மாற்றுவீர்கள், முன்கூட்டியே கட்டி முடித்தால் தண்டம் உண்டா?" இந்த மூன்றையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், தவணை தவறினால் நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலம் விடும் அதிகாரத்தை வங்கிகளுக்குக் கொடுக்கிறது. தாய் தகப்பன் இருக்கிற வீட்டை இதற்கு ஈடு வைக்கவே வேண்டாம்.

வீட்டை மார்கழியில் போய்ப் பாருங்கள். ஆவணி வெயிலில் எல்லா வீடும் நல்ல வீடுதான். வாடைக்காற்று மழை அடித்து ஊற்றுகிற நாளில் கூரை ஒழுக்கும் தெரியும், மலசலகூடக் குழி நிரம்பி மேலே வருவதும் தெரியும். கடலுக்குக் கிட்ட என்றால் குளியலறைக் கூரையை நிமிர்ந்து பாருங்கள். கொங்கிறீற் வெடித்துத் துருக் கம்பி தெரிந்தால், விலையைப் பேசுவதற்கு முன் ஒரு நல்ல மேசனைக் கூட்டிப் போங்கள். கிணற்றுத் தண்ணியில் ஒரு தேத்தண்ணி போட்டுக் குடியுங்கள். உப்புச் சவர் என்றால் உடனே நாக்குச் சொல்லிவிடும். அப்படிக் கிணறு சவராகி, குழாய்த் தண்ணி இணைப்பும் இல்லாத வீட்டில் யாரும் நிலைக்க மாட்டார்கள்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வெள்ளைக்காரருக்கு நாள்வாடகைக்கு விடலாம் என்று நிறையப் பேருக்கு ஆசை. மே முதல் செப்டெம்பர் வரை ஓடும், மாரியில் படுத்துவிடும். கரையிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டுவதற்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்கள அனுமதியும் தேவை. புதிதாக இறங்குகிறவர்களுக்கு நான் சொல்வது நகரப் பக்கத்து மாத வாடகையைத்தான். மாகாண சபை அலுவலகங்கள், ஆஸ்பத்திரி, வங்கிகள், கிழக்குப் பல்கலைக்கழக வளாகம் என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அரச இடமாற்றங்கள் பெரும்பாலும் ஜனவரியில் வருகின்றன. டிசம்பர் தொடக்கத்திலேயே விசாரித்து வைத்தால் வீடு வெறுமையாகக் கிடக்காது. எப்படியும் வருடத்தில் இரண்டு மாதம் வாடகை வராது என்று வைத்தே கணக்குப் போடுங்கள்.

ஆள் தெரிந்தவர், சொந்தக்காரர் என்ற முகத்தாட்சண்யத்துக்காக வாய்ப்பேச்சில் வீட்டைக் கொடுக்காதீர்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, உறுதி எழுதுகிற நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதினால்தான் செல்லும். 1840ஆம் ஆண்டிலிருந்தே இதுதான் சட்டம். 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு இதற்கு இன்னும் பெறுமதி. காலம் முடிந்தும் எழும்பாதவரிடமிருந்து மாவட்ட நீதிமன்றத்தில் சுருக்க நடைமுறையில் வீட்டை மீட்க அது வழி விடுகிறது, ஆனால் நொத்தாரிசு எழுதிய குத்தகைக்குத்தான். கோபத்தில் பூட்டை மாற்றுவது, கரண்டை வெட்டுவது வேண்டாம். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் நீதிமன்றம் போய்த் திரும்ப வந்து இருக்கலாம். அதைவிட, அந்த வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருப்பார்கள்.

வாடகை வருமானத்தை வரிப் படிவத்தில் காட்டுங்கள். திருத்த வேலைக்கென்று வாடகையில் 25 சதவீதத்தைக் கழிக்க விடுகிறார்கள். 2025 ஏப்ரல் முதல் தனியாளுக்குச் சம்பளம், வாடகை எல்லாம் சேர்ந்த வருட வருமானத்தில் 18 லட்சம் ரூபாய் வரை நிவாரணம் உண்டு. மொத்த வருமானம் அதற்குள் அடங்கினால் பயப்பட ஒன்றுமில்லை.

சாவி கொடுக்கிற அன்று குடிவருகிறவரோடு சேர்ந்து கரண்ட் மீற்றரையும் தண்ணி மீற்றரையும் படம் எடுங்கள். சுவர், மின்விசிறி, சமையலறைக் குழாய் எல்லாவற்றையும் எடுத்து, அவருடைய வாட்ஸ்அப்புக்கும் அப்போதே அனுப்பிவிடுங்கள். பில் உங்கள் பேரில் இருக்கும், நிலுவை வைத்துவிட்டுப் போனால் உங்கள் தலையில்தான் விழும். ஆகவே மாதாமாதம் கட்டிய பில்லின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். குழாய் ஒழுகுகிறது என்று அவர் சொன்னால் அந்தக் கிழமைக்குள் ஆளை அனுப்புங்கள். வெளிக்கிடுகிற நாளில் அதே படங்களை இருவருமாகப் பார்த்து, உடைந்ததற்கு மட்டும் கழித்து, மிச்ச முற்பணத்தை அங்கேயே எண்ணிக் கொடுத்துப் பற்றுச்சீட்டில் கையெழுத்து வாங்குங்கள்.