போல்டை வைத்து இழுக்காதீர்கள்: எல்எஸ் இன்ஜினில் கிராங்க் டேம்பர் மாற்றும்போது நடக்கும் தவறுகள்

செவர்லேயின் கொர்வெட், கமாரோ கார் வைத்திருப்பவர்கள் கேம்ஷாஃப்ட் மாற்றினாலும் சூப்பர்சார்ஜர் ஏற்றினாலும் ஒருநாள் கிராங்க் டேம்பரில், அதாவது கிராங்க்ஷாஃப்ட்டின் (சுருக்கமாகக் கிராங்க்) முன்முனையில் மாட்டி அதன் அதிர்வைத் தணிக்கும் வட்டில், கை வைத்தே ஆக வேண்டும். 1997-இல் ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வகை வி8 இன்ஜின்களில் முதலாவதான எல்எஸ்1 வந்த நாளிலிருந்து இந்த வேலையில் நடக்கும் தவறுகள் மாறவே இல்லை. புதிதாக இறங்குபவர்கள் பழைய ஆட்கள் விழுந்த அதே குழியில்தான் விழுகிறார்கள். பேட்டரியைக் கழற்ற மறப்பது, பெல்ட்டைப் பிசகாகப் போடுவது எல்லாம் தானே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடலாம்.

வெறும் புல்லி என்று நினைப்பது

ஒவ்வொரு சிலிண்டர் எரியும்போதும் கிராங்க்ஷாஃப்ட் நூலளவு முறுக்கிக்கொண்டு மீண்டும் நிமிர்கிறது. ஷாஃப்ட்டின் இயல்பான அதிர்வோடு இந்த முறுக்கல் ஒத்துப்போகும் ஆர்பிஎம்மில், சரியான நேரத்தில் தள்ளிவிட்ட ஊஞ்சல் போல ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். அது அதிகமாக இருப்பது முன்முனையில். ஆயில் பம்ப்பும் டைமிங் செயினும் அங்கேதான் இருக்கின்றன. டேம்பரின் நடுவில் கிராங்க்கில் ஏறி உட்காரும் ஹப், அதைச் சுற்றிப் பெரும்பாலும் ரப்பரால் ஒட்டிய வெளிவளையம். அந்த வளையம் ஆட்டத்தை வாங்கிச் சூடாக மாற்றிக் கரைக்கிறது. எடை குறையும் என்று ரப்பரே இல்லாத அலுமினியப் புல்லியைப் போட்டால் அந்தப் பாதுகாப்பு அப்படியே போய்விடும்.

ரப்பர் வகை டேம்பர் குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு இசைக்கப்பட்டது. ஸ்ட்ரோக்கர் கிராங்க் (பிஸ்டன் ஓடும் தூரத்தை நீட்டும் கிராங்க்) போட்டிருந்தால் அதைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். ஏடிஐ கம்பெனி டேம்பர் போன்றவற்றில் ரப்பர் வளையங்களை மாற்றிப் புதுப்பிக்கலாம். ஃப்ளூயிடாம்பர் போன்ற சிலிக்கோன் திரவ வகை, அகலமான ஆர்பிஎம் வரம்பில் வேலை செய்யும். ஆனால் அதன் கூட்டில் ஒரு சின்ன நசுங்கல் விழுந்தாலும் உள்வளையம் உரசி நின்றுவிடும். கீழே போட்டுவிட்டால் எடுத்து மாட்டாதீர்கள்.

பெல்ட் வரிசையைப் பார்க்காமல் வாங்குவது

எல்எஸ் என்று எழுதியிருந்தால் எல்லா எல்எஸ்ஸுக்கும் சேரும் என்று அர்த்தமில்லை. கொர்வெட்டின் பெல்ட் இன்ஜினை ஒட்டி ஓடுகிறது. நான்காம் தலைமுறை கமாரோவில் அது சுமார் 19 மி.மீ. முன்னால், டிரக்கில் சுமார் 38 மி.மீ. முன்னால். டிரக் இன்ஜினை வேறு காரில் இறக்குபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். எல்எஸ்7 போன்ற டிரை சம்ப் இன்ஜின்களில் (ஆயிலைத் தனித் தொட்டியில் வைப்பவை) ஹப் ஏறும் முன்முனையான கிராங்க் மூக்கே நீளம்; அதற்கு ஹப் தனி.

விட்டத்தையும் பாருங்கள். 10 சதவீத ஓவர்டிரைவ் (சூப்பர்சார்ஜரை அந்த அளவு வேகமாகச் சுற்ற) என்று பெரிய வளையம் வாங்கினால் கொர்வெட்டில் ஸ்டியரிங் ரேக் பக்கத்தில் இடம் மிச்சமிருக்கிறதா என்று முதலில் அளக்க வேண்டும்.

பேலன்ஸைக் கலந்துவிடுவது

எல்எஸ் உள்பேலன்ஸ் இன்ஜின்: சமன் செய்யும் எடை முழுவதும் கிராங்க்கிலேயே இருக்கிறது. டேம்பரில் எதிர் எடை இருக்கக் கூடாது. ஃபோர்டின் 302 வி8 இன்ஜினில் கதை வேறு, டேம்பரிலேயே எதிர் எடை உண்டு: பழையதற்கு 28 அவுன்ஸ்-அங்குலம், எண்பதுகளில் வந்தவற்றுக்கு 50. இரண்டையும் மாற்றிப் போட்டால் இன்ஜின் உதறும்.

போல்டால் இழுத்து ஏற்றுவது

நன்றாக இருந்த கிராங்க்கை ஒரு மாலை நேரத்தில் பாழாக்கும் தவறு இது. எத்தனை தடவை சொன்னாலும் நிற்கவில்லை, அதனால்தான் விரிவாகவே எழுதுகிறோம்.

எல்எஸ் கிராங்க்கில் டேம்பரைச் சுற்றாமல் பிடிக்கும் சாவி (பள்ளத்தில் செருகும் உலோகக் கட்டை) கிடையாது. ஹப்பின் துளை கிராங்க் மூக்கைவிட நூறில் இரண்டு மூன்று பங்கு மில்லிமீட்டர் சிறியது. அந்த இறுக்கமும் போல்டின் அழுத்தமும் மட்டுமே பிடிமானம். ஆகவே ஹப், டைமிங் கியரில் போய் முட்டி உட்கார வேண்டும். நடுவில் நின்றால் பிடிமானமே இல்லை.

வழக்கமாக நடப்பது இப்படித்தான். புது டேம்பரை மூக்கில் வைத்தால் கால்வாசிகூட ஏறாது. போல்ட் எட்டாது. மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் நாலு தட்டு. மூன்று மரை பிடித்ததும் இம்பாக்ட் கன்னை எடுத்து இழுப்பார்கள். 240 அடி-பவுண்டு விசை முழுவதும் அந்த மூன்று மரையில் விழுகிறது. திடீரென்று போல்ட் லேசாகச் சுற்றும். வெளியே எடுத்தால் அதன் நுனியில் சுருள் சுருளாக இரும்புக் கம்பி ஒட்டிக்கொண்டிருக்கும். அது கிராங்க்கின் மரை. அதற்குப் பிறகு கார் மேலேயே மரை செருகல் வைக்கப் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் இன்ஜினை இறக்கிக் கிராங்க்கை வெளியே எடுக்க வேண்டும். இருநூறு டாலர்கூட வராத கருவியை மிச்சம் பிடித்ததற்கு இந்த விலை.

சுத்தியல் தட்டும் சும்மா போவதில்லை. ஒவ்வொரு அடியும் கிராங்க் வழியாக மூன்றாம் மெயின் பேரிங் இடத்தில் இருக்கும், கிராங்க் முன்பின் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கில் இறங்குகிறது. ரப்பர் பிணைப்பும் தளர்கிறது.

சரியான முறை இது. எம்16 x 2.0 மரையுள்ள நீளமான தண்டு, பேரிங் வாஷர், பெரிய நட் கொண்ட ஏற்றும் கருவி வேண்டும். முதலில் மூக்கையும் துளையையும் பிரேக் கிளீனரால் துடைத்து, பிசிறு இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் நீக்குங்கள். தண்டைக் கையால் அடிவரை திருகுங்கள்; எல்லா மரையும் பிடித்த பிறகே நட்டைத் தொட வேண்டும். தண்டை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள். மரை நகர்வதில்லை, அதனால் தேய்வதும் இல்லை.

ஹப் தனியாகக் கழலும் டேம்பராக இருந்தால், ஹப்பை மட்டும் கொதிநீர்ச் சூட்டுக்குக் கொண்டுவரலாம். 37 மி.மீ. துளையுள்ள எஃகு 75 டிகிரி கூடினால் சுமார் 0.033 மி.மீ. விரியும். இறுக்கத்தின் அளவும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஆனால் பாதியில் குளிர்ந்தால் அங்கேயே கவ்விக்கொள்ளும். கருவி கையில் தயாராக இருக்கட்டும். ரப்பர் ஒட்டிய டேம்பரில் நெருப்பு காட்டவே கூடாது.

ஏற்றி முடித்ததும் இன்னும் வேலை இருக்கிறது. பழைய போல்டைப் போட்டு 330 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, கழற்றி, ஆழம் அளக்க வேண்டும். கம்பெனி டேம்பரில் கிராங்க் முனை, ஹப் முகத்திலிருந்து 2.4 முதல் 4.48 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும். வேறு கம்பெனி ஹப்புக்கு அதன் தாளில் உள்ள அளவு. தாளில் இல்லையென்றால் மீண்டும் ஒருமுறை இறுக்கி அளந்து பாருங்கள். ஆழம் மாறவில்லை என்றால் அடியில் முட்டிவிட்டது. மாறினால் இன்னும் உட்காரவில்லை. பிறகு புது போல்ட்: 50 நியூட்டன் மீட்டர், அதற்கு மேல் 140 டிகிரி. கோணத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம், கோணமானி வையுங்கள். ஏஆர்பி போன்ற வேறு கம்பெனி போல்டுக்கு இந்த எண்கள் பொருந்தாது. அதன் உறையில் சொன்ன கிரீஸும் இறுக்கமும்தான்.

இவ்வளவும் இறுக்கும்போது கிராங்க் சுற்றாமல் இருக்க ஸ்டார்ட்டர் இடத்தில் மாட்டும் ஃப்ளைவீல் பூட்டு வேண்டும். பல்லிடுக்கில் ஸ்க்ரூடிரைவர் நுழைக்க வேண்டாம்.

உட்காராத டேம்பர் உடனே காட்டிக்கொடுக்காது. முதலில் பெல்ட் ஒரு ஓரமாகத் தேயும். பிறகு போல்ட் தலையைச் சுற்றிச் செந்தூரம் தூவியது போல் நுண்ணிய பழுப்புப் பொடி தெரியும். ஹப்பும் கிராங்க்கும் உரசுவதால் வரும் துரு அது. அதைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிடுங்கள்.

பழைய போல்டை மறுபடி இறுக்குவது

கம்பெனி போல்ட் இழுபட்டு நீளும் வகை. கடைசி இறுக்கத்துக்கு ஒரே முறைதான்; பழையது ஆழம் அளக்க மட்டும்.

கழற்றும்போது வெளிவளையத்தைப் பிடிப்பது

மூன்று கால் புல்லர் ஹப்பின் ஆரங்களைப் பிடிக்க வேண்டும். புல்லர் திருகின் முனைக்கும் கிராங்க்குக்கும் நடுவே நீளமான முட்டுக்கம்பி வேண்டும். இல்லையென்றால் திருகு முனை மரையைக் கிழிக்கும்.

சூப்பர்சார்ஜர் போட்டும் உலோகப் பின் அடிக்காமல் விடுவது

சூப்பர்சார்ஜர் பெல்ட்டின் இழுவையில் சாவியில்லாத ஹப் கிராங்க் மேல் வழுக்கலாம். துளை வழிகாட்டியை வைத்து ஹப்புக்கும் கிராங்க்குக்கும் நடுவே துளையிட்டு, வழுக்காமல் தடுக்கும் உலோகப் பின்னை இறக்குங்கள். துரப்பணத் தூள் சீலுக்குள் போகாமல் கிரீஸ் பூசி மூடிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

எஸ்எஃப்ஐ 18.1 முத்திரை

அமெரிக்காவின் என்எச்ஆர்ஏ அமைப்பு நடத்தும் டிராக் பந்தயத்தில் கால் மைலை 10.99 வினாடியிலோ அதற்குக் கீழோ ஓட்டினால், டேம்பரில் இந்தப் பாதுகாப்புத் தர முத்திரை கட்டாயம்.

குறி போடாமல் மூடுவது

எல்லாம் முடிந்ததும் போல்ட் தலை, ஹப், வெளிவளையம் மூன்றின் மேலும் வெள்ளை பெயிண்டால் ஒரே நேர்கோடு இழுங்கள். ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் டார்ச் அடித்துப் பாருங்கள். போல்டுக்கும் ஹப்புக்கும் நடுவே கோடு உடைந்திருந்தால் போல்ட் தளர்கிறது. ஹப்புக்கும் வளையத்துக்கும் நடுவே உடைந்திருந்தால் ரப்பர் விட்டுவிட்டது.