தூண்டில் முள், பேத்தை, உப்புத் தண்ணீர்: கடற்கரை வீட்டில் நாய் வளர்ப்பு

நாய் வளர்ப்புக் குறிப்புகள் பெரும்பாலும் நகரத்துக்காரர்களுக்காக எழுதப்படுகின்றன. நாயை லிஃப்டில் எப்படிக் கூட்டிப்போவது என்று அதில் இருக்கும். மீன் இறங்குதளத்துக்குப் பின்னால் கிடக்கும் பேத்தையை (உடம்பை உப்பிக்கொள்ளும் நச்சு மீன்) கவ்விவிட்டால் என்ன செய்வது என்று இருக்காது. பாம்பன், மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று இந்த ராமநாதபுரம் கரை முழுக்க நாய்க்கு வரும் ஆபத்தில் பெரும்பங்கு வாய் வழியாகத்தான் வருகிறது. அதனால் 'உட்கார்', 'கை கொடு' எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் 'விடு' பழக்குங்கள்.

மூடிய கைக்குள் ஒரு துண்டு பிஸ்கட் வைத்து நீட்டுங்கள். நாய் மோந்து, நக்கி, பிராண்டிப் பார்க்கும், கையைத் திறக்காதீர்கள். அலுத்துப்போய் முகத்தைத் திருப்பும் அந்த நொடியில் 'விடு' என்று சொல்லி, மற்றக் கையிலிருந்து அதைவிட நல்லதாக ஒன்றைக் கொடுங்கள். வேகவைத்த மீன் துண்டு போதும். தினம் இரண்டு வேளை, ஐந்தைந்து நிமிடம். ஒரு வாரம் போனதும் பிஸ்கட்டைத் தரையில் வைத்துப் பழக்கி, அதன்பிறகு கயிற்றைப் பிடித்துக்கொண்டு கரைக்குக் கூட்டிப்போகலாம். பலர் சறுக்குவது ஓரிடத்தில்: நாய் எதையாவது கவ்வியதும் கத்திக்கொண்டே ஓடி வாயைப் பிளந்து பிடுங்குகிறார்கள். அப்படி இரண்டு தடவை செய்தால், மூன்றாவது தடவை உங்களைப் பார்த்ததுமே நாய் மெல்லாமல் விழுங்கிவிடும்.

பேத்தையை வலையிலிருந்து பிரித்து மணலில் எறிந்துவிட்டுப் போவது வழக்கம். அதன் ஈரலிலும் சினையிலும் தோலிலும் இருக்கும் நஞ்சு வெயிலில் காய்ந்தாலும், வேகவைத்தாலும் போகாது. நாய் கடித்த சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ எச்சில் வடியும், வாந்தி வரும், பின்னங்கால் தள்ளாடும், பிறகு மூச்சுத் தசையே செயலிழக்கும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. நஞ்சு இறங்கும்வரை மூச்சைத் தாங்கிப்பிடிப்பதுதான் சிகிச்சை. எனவே 'கொஞ்ச நேரம் பார்ப்போம்' என்று இருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மிச்சம் கிடக்கும் மீனைப் பையில் போட்டு எடுத்துப்போனால் அவருக்கு உதவும். வாந்தி எடுக்க வைக்க உப்புக் கரைசலை ஊற்றுவது நம் ஊரில் இன்னமும் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம், அந்த உப்பே நஞ்சாகிவிடும்.

தூண்டில் முள்தான் அடுத்த தொல்லை. இரை நாற்றம் ஒட்டியிருக்கிற முள்ளை நாய் தேடிப்போய் எடுக்கும். உதட்டின் ஓரத்திலோ பாதத்திலோ ஏறியிருந்தால், அமைதியான நாயாக இருந்தால், வீட்டிலேயே எடுக்கலாம். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கனமான துண்டால் நாயைச் சுற்றித் தலையை அணைத்துப் பிடிக்க, மற்றவர் தங்கூசியை (முள்ளைக் கட்டியிருக்கும் நைலான் இழை) ஒரு சாண் விட்டு வெட்ட வேண்டும். வந்த வழியே முள்ளை இழுத்தால் நுனியில் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்முனை சதையைக் கிழித்துக்கொண்டு வரும். முள் வளைந்திருக்கும் போக்கிலேயே முன்னால் தள்ளுங்கள். நுனி தோலைத் துளைத்து வெளியே வந்ததும், எதிர்முனையோடு சேர்த்துக் கட்டிங் பிளேயரால் நறுக்கிவிட்டு, மிச்சக் கம்பியைப் பின்பக்கமாக உருவுங்கள். சூரை, சீலா பிடிக்கிற பெரிய முள்ளுக்கு வீட்டுச் சாமான் பெட்டியில் கிடக்கும் துருப்பிடித்த பிளேயர் வழுக்கும். படகில் வைத்திருக்கும் நல்ல பிளேயரைக் கேட்டு வாங்குங்கள். பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, பொவிடோன் அயோடினைத் தேநீர் நிறத்துக்குத் தண்ணீர் கலந்து ஊற்றுங்கள்.

நாக்கு, தொண்டை, கண்ணோரம் என்றால் கையே வைக்காதீர்கள். மயக்கம் கொடுக்காமல் அங்கே முள் எடுக்க முடியாது.

முள்ளை விழுங்கிவிட்டு, தங்கூசி மட்டும் வாயோரம் தொங்கினால்? இழுக்கவும் கூடாது, பல்லோரத்தில் ஒட்ட வெட்டவும் கூடாது. ஒரு முழம் விட்டு வெட்டி, அந்த நுனியைக் கழுத்துப்பட்டையில் தளர்வாகக் கட்டி விடுங்கள். அந்த இழையைப் பிடித்துத்தான் மருத்துவர் முள் இருக்கும் இடத்துக்குப் போவார். சோறு, வாழைப்பழம் எதுவும் கொடுக்க வேண்டாம். மலவாயில் இழை தொங்கினாலும் இழுக்கக் கூடாது. குடல் சுருங்கி அறுந்துபோகும். எக்ஸ்ரே எடுக்க எங்கே வசதி இருக்கிறது என்று இன்றே விசாரித்து வையுங்கள். ராத்திரி பத்து மணிக்குத் தேட வேண்டிய விஷயம் இல்லை அது.

கடல் நீர் குடிப்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு. உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம் உப்பு உள்ளே போனாலே நாய்க்கு அறிகுறிகள் தொடங்கலாம். 10 கிலோ நாய்க்கு அது 20 கிராம். அதாவது அரை லிட்டருக்குச் சற்று கூடுதலான கடல் நீர். பந்து எறிந்து விளையாடும்போது அலையோடு அலையாக அவ்வளவும் உள்ளே போய்விடும். எனவே கரைக்குக் கிளம்பும் முன்பே வீட்டில் குடிக்க வையுங்கள், ஒரு பாட்டில் நல்ல தண்ணீர் கையில் இருக்கட்டும், கால்மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொடுங்கள். ஏற்கெனவே நிறையக் குடித்துவிட்டால் நல்ல தண்ணீரைக் குடம் குடமாக வைக்காமல் சிறிது சிறிதாகக் கொடுங்கள். தள்ளாட்டமோ நடுக்கமோ வலிப்போ வந்தால் நேரே மருத்துவமனைதான். கருவாடு காயும் களத்தில் புகுந்து வயிறு முட்டத் தின்ற நாய்க்கும் இதே கதைதான்.

எந்தக் கரை என்பதும் முக்கியம். கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும்போது மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், பாக் நீரிணைப் பக்கம் அடங்கியிருக்கும், வாடையில் (வடகிழக்குக் காற்றில்) தலைகீழ். தனுஷ்கோடியில் கொந்தளிக்கும் பக்கத்தை ஆண் கடல், அடங்கிய பக்கத்தைப் பெண் கடல் என்று பிரித்துச் சொல்வதை நாய்க்கும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளலாம்.

வெயிலுக்கு ஒரு சோதனை: புறங்கையை மணலில் வைத்து ஏழு நொடி தாங்கவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. காலை ஏழுக்கு முன், மாலை ஐந்தரைக்குப் பின் நடத்துங்கள். கடலோரப் புழுக்கத்தில் மூச்சிரைத்தே உடம்பைக் குளிர்த்துக்கொள்ள நாயால் முடியாது. மேகமூட்டமான நாளிலும் வெப்பத்தாக்கு வரும். உடல் வெப்பம் 104 பாரன்ஹீட்டைத் தாண்டி, ஈறு செங்கல் நிறமாகி, நடை குழறினால் நிழலுக்குத் தூக்கிப்போய், வயிறு, தொடையிடுக்கு, பாதம் எல்லாம் சாதாரணத் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். 103.5 ஆனதும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். தகரக் கொட்டகைக்குக் கீழே பகலில் கட்டிப்போடுவது அடுப்பில் வைப்பதற்குச் சமம். ஓலைக் கொட்டகை, வேம்பு, பூவரசு நிழல் போதும். இந்த வெயிலுக்கு நம்ம ராமநாதபுரத்து இனமான மண்டை நாயும் மற்ற நாட்டு நாயும் பழகியவை. ஹஸ்கி வாங்கிவந்து ஏசி போட்டு வளர்ப்பதைப் பற்றிச் சொல்ல எங்களிடம் நல்ல வார்த்தை இல்லை.

தீனிக்கு மீன் நல்லதுதான், வேகவைத்தால். சாளை போன்ற சில மீன்களில் பச்சையாக இருக்கும்போது பி1 வைட்டமினை அழிக்கும் நொதி இருக்கிறது. வேகும்போது அது போய்விடும். உப்பு, மிளகாய், வெங்காயம் இல்லாமல் குக்கரில் முள் விரலால் நசுங்கும் வரை வேகவிட்டுச் சோற்றோடு பிசையுங்கள். திருக்கை வால், கெளிறு முள், பனங்கொட்டை மூன்றும் நாய்க்கு எட்டாத இடத்தில் போகட்டும். பனங்கொட்டை குடலை அடைத்தால் அறுவைதான் வழி.

உண்ணியைக் காதுமடலுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் தினமும் தேடுங்கள். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், மண்ணெண்ணெய் தடவாதீர்கள். ஈறு வெளுத்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். காய்ச்சல் என்று பாராசிட்டமாலோ புரூஃபெனோ கொடுத்துவிட வேண்டாம், இரண்டுமே நாய்க்கு ஆபத்து.

குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை. அது முடியும்வரை தெருநாய்கள் சுற்றும் கரைக்குக் கொண்டுபோக வேண்டாம். குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் நோய் அங்கேதான் ஒட்டும். மீன் களங்களில் எலி அதிகம் என்பதால் எலிக்காய்ச்சல் தடுப்பும் அந்த ஊசியில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். வெறிநோய் ஊசி மூன்றாம் மாதத்தில், பிறகு ஆண்டுதோறும். யாரையாவது நாய் கடித்தாலோ கீறினாலோ, ஊசி போட்ட நாயாகவே இருந்தாலும், காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

'பங்குனி ஆமை' என்று நாம் சொல்லும் ஆலிவ் ரிட்லி கடலாமைகள் ஜனவரியிலிருந்து தனுஷ்கோடிப் பக்கம் முட்டையிட ஏறும். அந்த மாதங்களில் இரவில் நாயை அவிழ்த்துவிட்டால் குழியைத் தோண்டி முட்டையைத் தின்றுவிடும். கட்டிவைக்க வேண்டிய காலம் அது.

அவிழ்த்துவிட வேண்டிய காலமும் உண்டு. 2020 டிசம்பரில் புரெவி புயல் இந்தக் கரையை ஒட்டி நகராமல் நின்று கொட்டியதுபோல, வாடையில் மழை ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீரை ஏற்றிவிடும். சங்கிலியில் கிடக்கும் நாய்க்கு நீந்தத் தெரிந்தும் பயனில்லை. முகாமுக்குப் போகும்போது கூடவே கூட்டிப்போங்கள். முடியவே இல்லை என்றால் கழுத்துப்பட்டையில் உங்கள் கைபேசி எண்ணை அழியாத மையில் எழுதி, கட்டை அவிழ்த்துவிட்டு, மாடிக்கோ மேட்டுக்கோ ஏற்றி விட்டுவிட்டுப் போங்கள்.