வெள்ளிக்கிழமை ஆல்பங்களைத் தவறவிடாமல் கேட்க

2015 ஜூலை 10 முதல் புது ஆல்பங்களுக்கு உலகெங்கும் பொதுவான வெளியீட்டு நாள் வெள்ளிக்கிழமை. அதற்கு முன் அமெரிக்காவில் செவ்வாய், பிரிட்டனில் திங்கள். ஆகவே, கேட்க வேண்டியவற்றின் பட்டியலை வியாழன் மாலையே தயார் செய்துவிடுங்கள்.

ஸ்பாட்டிஃபை வாராவாரம் புதுப் பாடல்களைத் தொகுத்துத் தரும் ரிலீஸ் ரேடாரை மட்டும் நம்பினால் கோட்டைவிடுவீர்கள். அது பாடலைக் காட்டும். பின்னால் முழு ஆல்பம் இருக்கிறதா என்று நீங்கள்தான் தட்டிப் பார்க்க வேண்டும். ஒரே பெயரில் இரண்டு இசைக்குழுக்கள் இருந்தால் ஒன்றின் பாடல் இன்னொன்றின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவதும் உண்டு. லேபிள், அதாவது ஆல்பத்தை வெளியிடும் நிறுவனத்தின் பெயரைப் பார்த்தால் பெரும்பாலும் குட்டு உடைந்துவிடும்.

பெரிய நிறுவனங்களைச் சாராத சின்ன இண்டி குழுக்களுக்குப் பேண்ட்கேம்ப் என்ற இசைத் தளம்தான் சரியான இடம். குழுவோடு அதன் லேபிளையும் ஃபாலோ செய்யுங்கள். சப் பாப், மேட்டடோர் போன்ற ஒரு லேபிளைத் தொடர்ந்தாலே பல குழுக்களின் அறிவிப்பு மின்னஞ்சலில் வந்துவிடும்.

டீலக்ஸ் (கூடுதல் பாடல்கள் சேர்த்த பதிப்பு), ரீமாஸ்டர் (பழைய பதிவின் ஒலியைச் சீர்செய்த பதிப்பு) என்று போட்டிருப்பவற்றை முதலில் கழித்துவிடுங்கள். வாரத்துக்கு நான்கு ஆல்பம் போதும். அதற்கு மேல் போனால் எதுவும் மனதில் நிற்காது.

கேட்கும் முன், பாடல் வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிளை அணைத்து, ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் கிராஸ்ஃபேடைப் பூஜ்ஜியத்தில் வையுங்கள். ஒரு பாட்டின் கடைசி கிட்டார் இரைச்சல் அடங்கி, அரை நொடி அமைதிக்குப் பின் அடுத்ததன் முதல் டிரம் அடி விழும். கிராஸ்ஃபேட் இருந்தால் அந்த அமைதியே காணாமல் போகும். முன்பே தனிப் பாடலாக வந்த சிங்கிள்களையும் தாண்டாதீர்கள். ஆல்பத்தில் தன் இடத்தில் அவை வேறு மாதிரி ஒலிக்கும். இரண்டு நாள் கழித்து, அதே வால்யூமில், மறுபடி கேளுங்கள்.