அனார்க்கியை உடைத்துப் பார்ப்போம், வாங்க

என் அக்கா மகள் தொடக்கக் கல்லூரியில் படிக்கிறாள். போன மாதம் மொழிபெயர்ப்புப் பயிற்சித்தாளை நீட்டி, "மாமா, அனார்க்கிக்குத் தமிழ்ல என்ன?" என்று கேட்டாள். "அராஜகம்" என்று பட்டென்று சொன்னேன். மறுநாள் அந்தச் சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டத்தோடு தாள் திரும்பி வந்தது. சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில் உட்கார்ந்து, இரண்டு தே தாரிக் தேநீர் செலவில் நாங்கள் அந்த வட்டத்தை ஆராய்ந்த கதைதான் இது. எந்தச் சொல்லுக்கும் இதே வழியில் போகலாம். ஒரு தாளும் பென்சிலும் போதும்.

படி 1: சொல்லை உடையுங்கள்

கிரேக்கத்தில் இது அனார்கியா. 'அன்' என்றால் இல்லை. 'ஆர்கோஸ்' என்றால் தலைவன், ஆள்பவன். மோனார்க்கி ஒருவர் ஆள்வது, ஒலிகார்க்கி சிலர் ஆள்வது. அனார்க்கி ஆள்பவரே இல்லாதது. சொல்லுக்குள் கல்வீச்சும் இல்லை, கடை உடைப்பும் இல்லை. நாற்காலி காலி, அவ்வளவுதான்.

அந்த 'அன்' நமக்குப் பழக்கப்பட்டதுதான். அனாவசியம், அனர்த்தம் என்ற வடசொற்களில் இருப்பதும் அதுவே. உயிரெழுத்துக்கு முன்னால் 'அன்', மெய்க்கு முன்னால் வெறும் 'அ': அநீதி, அரூபம். கிரேக்கத்திலும் இதே விதி. வடமொழியும் கிரேக்கமும் தூரத்துச் சொந்தக்கார மொழிகள்.

படி 2: பழைய ஆட்கள் எதைச் சொன்னார்கள் என்று பாருங்கள்

இந்தப் படியை அவசரமாகத் தாண்டாதீர்கள். ஏதென்ஸில் ஆண்டுக்கு எண் கிடையாது. அந்த ஆண்டின் ஆர்கோன் என்ற தலைமை அதிகாரியின் பெயர்தான் ஆண்டுக்கும் பெயர். கி.மு. 404இல் ஸ்பார்ட்டாவிடம் தோற்றபின் முப்பது பேர் கொண்ட குழு அதிகாரத்தைப் பிடித்தது. ஆர்கோனாக இருந்தவர் பித்தோடோரஸ். மக்களாட்சி திரும்பியதும், அந்தக் குழுவின் காலத்தில் வந்தவர் என்பதால் ஆண்டை அவர் பெயரால் அழைக்க ஏதென்ஸ்காரர்கள் மறுத்துவிட்டார்கள். வைத்த பெயர், அனார்கியா. ஆர்கோன் இல்லாத ஆண்டு.

யோசித்துப் பாருங்கள். அந்த ஆண்டில் ஆள்வதற்கு ஆளில்லாமல் இல்லை. முப்பது கொடுங்கோலர்கள் இருந்தார்கள்!

படி 3: நம் சொல்லையும் உடையுங்கள்

அராஜகம்: அ + ராஜ. அரசன் இல்லாமை. கட்டுமானம் அச்சு அசல் கிரேக்கச் சொல்லேதான். வால்மீகியின் அயோத்தியா காண்டத்தில் தசரதன் இறந்தபின், அரசனில்லாத நாட்டில் மழை பெய்யாது, வணிகன் பயமில்லாமல் வழிநடக்க முடியாது என்று ஒரு நீண்ட பட்டியலே வருகிறது. வள்ளுவரும் 740ஆம் குறளில், எல்லாம் இருந்தும் வேந்தன் சரியாக அமையாத நாட்டால் பயனில்லை என்கிறார்.

அப்படியானால் சிவப்பு வட்டம் தப்பா? "அப்போ எனக்கு மார்க் கிடைக்கணும்ல?" என்றாள். அவசரப்படாதே என்றேன். இன்று அந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்துகிறோம்? 'ரவுடிகளின் அராஜகம்', 'அதிகாரிகளின் அராஜகம்'. அராஜகம் என்பது இப்போது ஒருவர் செய்யும் காரியம். அதுவும் பெரும்பாலும் கையில் பலம் உள்ளவர் செய்வது. அரசன் இல்லாமையைக் குறித்த சொல், அரசன்போல் நடப்பவரின் அடாவடிக்குப் பெயராகிவிட்டது. ஏதென்ஸ்காரர்கள் கேட்டால் தலையாட்டுவார்கள்.

படி 4: சொல்லை யார் திருப்பினார்கள்?

வசைச்சொல்லாகவே கிடந்த அனார்க்கியை 1840இல் பிரான்ஸின் சிந்தனையாளர் புரூதோன், நான் அனார்க்கிஸ்ட் என்று தனக்கே சூட்டிக்கொண்டார். அச்சகத்தில் வேலை பார்த்தவர், சொல்லின் வேர் தெரிந்தவர். ஆள்பவர் இல்லாமலும் ஒழுங்கு இருக்கலாம் என்பது அவர் வாதம்.

வசையும் நிற்கவில்லை. 1919இல் பிரிட்டிஷ் இந்திய அரசு கொண்டுவந்த ரௌலட் சட்டத்தின் முழுப்பெயரிலேயே அனார்க்கி இருக்கிறது. குறிவைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அரசே வேண்டாம் என்றவர்கள் அல்லர், சொந்த அரசு வேண்டும் என்றவர்கள். பாரதியோடு 'இந்தியா' இதழில் உழைத்த எம்.பி.டி. ஆச்சார்யா மட்டும், பல ஆண்டுகள் கழித்து, உண்மையாகவே அரசின்மைக் கொள்கைக்குப் போய்ச் சேர்ந்தார்.

படி 5: கண்ணெதிரே வைத்துச் சோதியுங்கள்

நாங்கள் உட்கார்ந்திருந்த மேசைக்குப் பக்கத்து மேசையில் ஆளில்லை. ஒரு டிஷ்யூ பாக்கெட் மட்டும். மதிய நேரம், தட்டோடு பத்துப் பேர் இடம் தேடுகிறார்கள். யாரும் அங்கே உட்காரவில்லை. 'சோப்' செய்த இடம், அதாவது பொருளை வைத்துப் பிடித்துவைத்த இடம். இதற்குச் சட்டம் இல்லை, அதிகாரி இல்லை, ஆனாலும் நடக்கிறது. புரூதோன் சொன்ன அனார்க்கியின் குட்டி மாதிரி. ஆனால் சாப்பிட்டபின் தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் எச்சரிக்கை, அடுத்த முறை அபராதம். உணவங்காடிகளில் 2021 செப்டம்பர் முதல் அது சட்டம். ஒரே மேசையில் இரண்டு ஆட்சி.

சரி, இப்போது சொல்லைத் தேர்ந்தெடுங்கள். கொள்கையைப் பற்றி என்றால் அரசின்மை. ஆட்சி கவிழ்ந்து குழம்பிய நாடு என்றால் அரசற்ற நிலை. அடாவடி என்றால் அராஜகம், தாராளமாக.

பயிற்சித்தாளில் இருந்த வாக்கியம் கொள்கையைப் பற்றியது. அராஜகத்தை அடித்துவிட்டு 'அரசின்மை' என்று எழுதினாள். அதற்குள், டிஷ்யூவுக்குச் சொந்தக்காரர் மீன் சூப்போடு வந்து உட்கார்ந்துவிட்டார்.