எஸ்ஜிபிடி நார்மல் என்றால் கல்லீரலும் நார்மலா?

"ரிப்போர்ட் நார்மல்தான்" என்ற ஒரு வரியை நம்பி, கல்லீரல் நோயைப் பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்டவர்கள் ஏராளம். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் கல்லீரல் செல்கள் சேதமடையும்போது ரத்தத்தில் கசியும் நொதிகள். கல்லீரல் எப்படி வேலை செய்கிறது என்பதை அவை சொல்வதில்லை. சிரோசிஸ் (கல்லீரல் முழுக்கத் தழும்பேறும் நோய்) முற்றியவருக்கும் அவை நார்மலாக வரலாம். வேலைத்திறன் தெரிய அல்புமின் (கல்லீரல் தயாரிக்கும் புரதம்), பிலிருபின் (மஞ்சள் காமாலையில் கூடும் நிறமி), ஐஎன்ஆர் (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் எண்) மூன்றையும் பார்க்க வேண்டும்.

அப்புறம், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள். கல்லீரல் தழும்பேறினால் மண்ணீரல் வீங்கும், பிளேட்லெட் குறையும். பல ரிப்போர்ட்களில் யாரும் கண்டுகொள்ளாத துப்பு இதுதான். வயது, அந்த இரண்டு நொதிகள், பிளேட்லெட் ஆகியவற்றைக் கொண்டே ஃபிப்-4 என்ற எண்ணைக் கணக்கிடலாம். அது 1.3க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு (65 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த வரம்பு 2). அதற்கு மேல் போனால் ஃபைப்ரோஸ்கேன் (கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஸ்கேன்) எடுப்பது நல்லது. ஸ்கேனில் எழுதும் 'ஃபேட்டி லிவர் கிரேடு 1' கொழுப்பைப் பற்றியது. தழும்பைப் பற்றியது அல்ல.

குடிப்பவர் என்று தெரிந்ததுமே வேறு காரணத்தைத் தேடாமல் விடுவதும் பெரிய தவறு. அவருக்கும் ஹெபடைடிஸ் பி, சி வைரஸ் தொற்று இருக்கலாம். சி வகையை 8 முதல் 12 வார மாத்திரைகளால் பெரும்பாலும் முழுமையாகக் குணப்படுத்த முடிகிறது. அதைத் தேடாமல் விட்டால் எவ்வளவு பெரிய இழப்பு!

சிகிச்சையில் என்னை அதிகம் வருத்துவது, சிரோசிஸ் என்றதும் புரதத்தை நிறுத்தச் சொல்வது. புரதத்திலிருந்து வரும் அம்மோனியா மூளையைப் பாதித்துக் குழப்பநிலை வரும் என்ற பழைய பயம் அது. உண்மையில் உடல் எடையில் கிலோவுக்குத் தினமும் 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. இரவு படுக்கும் முன் சிற்றுண்டியும் வேண்டும். இல்லாவிட்டால் தசை கரையும். அம்மோனியாவை அகற்றுவதில் தசைக்கும் பங்கு உண்டு. குழப்பநிலைக்குத் தரும் மலமிளக்கியான லாக்டுலோஸை, நாளுக்கு இரண்டு மூன்று முறை மலம் இளகிப் போகும் அளவுக்குக் கொடுத்தால் போதும். பேதியாகும்வரை கொடுக்கக் கூடாது.

சிரோசிஸ் உள்ளவர்களுக்கு வலிக்கு இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம், சிறுநீரகம் பாதிக்கப்படும். பாராசிட்டமால் நாளுக்கு 2 கிராமுக்குள், மருத்துவரைக் கேட்டு எடுக்கலாம்.

சிரோசிஸால் வயிற்றில் நீர் கோத்து மருத்துவமனைக்கு வருபவருக்கு, காய்ச்சல் இல்லை என்று நீர்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. அந்த நீரில் நியூட்ரோஃபில் (தொற்றை எதிர்க்கும் வெள்ளையணு) ஒரு கன மில்லிமீட்டருக்கு 250 அல்லது அதற்கு மேல் இருந்தால், கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) முடிவுக்குக் காத்திருக்காமல் அன்றே ஆன்டிபயாட்டிக் தொடங்க வேண்டும்.