மாணவர் ரோபோட்டிக்ஸ் போட்டிக்கு ஊரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பெரிய போட்டி ஒன்றை எங்கே நடத்தலாம் என்று கமிட்டி உட்கார்ந்த உடனே ஆளுக்கொரு ஊர்ப் பெயரைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் பெயர்களைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். முதலில் ஓர் அணியை மனதில் நிறுத்துங்கள்: இருப்பதிலேயே தூரத்திலிருந்து, இருப்பதிலேயே குறைந்த பணத்தோடு, வாழ்க்கையில் முதல்முறையாக விமானம் ஏறி வருகிற பிள்ளைகள். அவர்களால் வந்து சேர முடிகிற, வந்தபின் ரோபோவைத் தவிர வேறு எதைப் பற்றியும் கவலைப்படத் தேவையில்லாத ஊரைத்தான் நீங்கள் தேடுகிறீர்கள். வசதியான அணிகள் எந்த ஊரிலும் சமாளித்துக்கொள்ளும்.

அடுத்தது கணக்கு. இதைச் செய்யாமல் எந்த ஊருக்கும் கடிதம் எழுதாதீர்கள். ஃபர்ஸ்ட் (FIRST) என்ற மாணவர் ரோபோ போட்டி 1992இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பள்ளி ஜிம்மில் 28 அணிகளோடு தொடங்கியது. வெக்ஸ் (VEX) என்ற இன்னொரு மாணவர் ரோபோ போட்டியின் உலகச் சுற்று 2018இல் அமெரிக்காவின் லூயிவில்லில் நடந்தபோது 1,600க்கும் மேற்பட்ட அணிகள் வந்தன. உங்களுக்கு 600 அணிகள் என்று வைத்துக்கொள்வோம். அணிகள் ரோபோவைப் பழுது பார்க்கிற பிட் ஒன்றுக்கு 10க்கு 10 அடி என்றாலே பிட்டுகளுக்கு மட்டும் 60,000 சதுர அடி ஆகிறது, நடைபாதைக்கு ஏறக்குறைய இன்னொரு பங்கு வேண்டும், அதற்கப்புறம்தான் ஆடுகளங்கள். ஃபர்ஸ்டின் பெரிய ரோபோ களம் ஏறத்தாழ 54க்கு 27 அடி, உலகப் போட்டியில் அப்படி எட்டுக் களங்களில் ஒரே நேரத்தில் ஆட்டம் நடக்கும். வெக்ஸ் களம் 12க்கு 12 அடிதான், ஆனால் எண்ணிக்கை மிக அதிகம். ஓர் அணிக்கு மாணவர், ஆசிரியர், பெற்றோர் சேர்த்து 25 பேர் என்றால் 15,000 பேர், அறைக்கு மூன்று நான்கு பேர் தங்கினாலும் ஒரே இரவில் நாலாயிரம், ஐயாயிரம் அறைகள் வேண்டும். இந்த ஒரு எண்ணே பாதி ஊர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும்.

அரங்கம் என்றதும் ஸ்டேடியத்தைத்தான் பலரும் நினைக்கிறார்கள். இறுதி ஆட்டத்துக்கு அது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ரோபோ போட்டியின் உயிர் இருப்பது பிட்டுக்கும் களத்துக்கும் நடுவில். ஓர் ஆட்டம் முடிந்து அடுத்த ஆட்டத்துக்குள் பேட்டரி மாற்றி, ரோபோவின் உடைந்த கையைச் சரிசெய்து, பம்பரோடும் பேட்டரியோடும் 60 கிலோவைத் தாண்டுகிற ரோபோவை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு பிள்ளைகள் ஓடுகிறார்கள். நடுவில் ஒரு லிஃப்ட் வந்தால் போதும், நாள் முழுக்க அட்டவணை தள்ளிப்போகும். அதனால் சமதளத்தில், ஒரே கூரைக்குக் கீழே, ஒன்றையொட்டி ஒன்றாக மண்டபங்கள் இருக்கிற கண்காட்சி மையத்தையே தேடுங்கள். செயின்ட் லூயிஸில் 2011 முதல் 2017 வரை ஃபர்ஸ்ட் போட்டி நடந்தபோது மாநாட்டு மையமும் டோம் ஸ்டேடியமும் ஒட்டியே இருந்தன, அது பெரிய வசதி. ஹூஸ்டனில் தொடக்க ஆண்டுகளில் இறுதி ஆட்டங்கள் தனியாக ஒரு பேஸ்பால் ஸ்டேடியத்தில் நடந்தன. பிற்பாடு எல்லாமே மாநாட்டு மையத்துக்குள் வந்துவிட்டன.

மின்சாரத்தைப் பற்றி மையத்துக்காரர்களிடம் எழுத்தில் கேளுங்கள். பிட்டுக்கு 500 வாட் என்று குறைத்துப் போட்டாலும் 600 பிட்டுக்கு 300 கிலோவாட், அதுவும் தரை முழுக்கப் பரவலாக வேண்டும். சுவரோரம் இருக்கிற பிளக்குகள் எதற்கும் காணாது. வயர்லெஸ் இன்னொரு தலைவலி. ரோபோக்கள் வைஃபையில் ஓடுகிறவை என்றால், கட்டடத்தின் சொந்த வைஃபையைப் போட்டி நாட்களில் அணைக்கவோ சேனல் மாற்றவோ சம்மதிப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். 6 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ பயன்படுத்துகிற போட்டி என்றால் அந்த நாட்டில் அந்த அலைவரிசைக்கு அனுமதி உண்டா என்றும் பாருங்கள், எல்லா நாட்டிலும் கிடையாது.

இனி விசா. என்னைக் கேட்டால் சர்வதேசப் போட்டிக்கு அரங்கத்தைவிட இதுதான் முக்கியம். 2017இல் வாஷிங்டனில் நடந்த, நாட்டுக்கு ஓர் அணி என்று கலந்துகொள்கிற ஃபர்ஸ்ட் குளோபல் போட்டிக்கு ஆப்கானிஸ்தானிலிருந்து வரவேண்டிய பெண் பிள்ளைகள் தங்கள் ஊரான ஹெராத்திலிருந்து காபூலில் இருந்த அமெரிக்கத் தூதரகம் வரை இரண்டு முறை போய், இரண்டு முறையும் விசா மறுக்கப்பட்டுத் திரும்பினார்கள். உலகமே பேசிய பிறகு கடைசி நேரத்தில்தான் அனுமதி கிடைத்தது. காம்பியா அணிக்கும் முதலில் மறுத்தார்கள். மாதக்கணக்கில் உழைத்த ஒரு பிள்ளையிடம் "நீ மட்டும் வரமுடியாது" என்று சொல்லவைக்கிற ஊர், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் தகுதியான ஊர் இல்லை. எந்தெந்த நாட்டு அணிகள் வரக்கூடும் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் விசா நேர்காணல் எந்த ஊரில், எத்தனை வாரம் காத்திருக்கவேண்டும் என்று பாருங்கள். ஊரின் சார்பில் பேச வருகிறவர்களிடம், அரசு சார்பில் அழைப்புக் கடிதமும் தூதரகங்களுக்குத் தகவலும் போகுமா என்று நேராகக் கேளுங்கள். சாமான் விஷயமும் உண்டு: லித்தியம் பேட்டரி 100 வாட்-மணிக்கு மேல் என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், உதிரி பேட்டரிகளைக் கைப்பையில்தான் கொண்டுவர முடியும். நேரடி விமானம் இல்லாத ஊர் என்றால் இந்தச் சிக்கல் ஒவ்வொரு மாற்றத்திலும் திரும்ப வரும்.

தங்கும் இடத்துக்கு, நட்சத்திரக் கணக்கு பார்க்கவேண்டாம். அரங்கத்திலிருந்து நடக்கிற தூரத்தில் எத்தனை அறைகள், மீதிக்குப் பேருந்து ராத்திரி எத்தனை மணி வரை, பக்கத்தில் மலிவான சாப்பாடு கிடைக்குமா, இவ்வளவு போதும். அரங்க வாடகையைக் குறைக்கிறோம் என்று சில ஊர்கள் சொல்லும், அது பெரும்பாலும் ஹோட்டல் அறைகள் நிரம்பும் என்ற கணக்கில்தான். நிரம்பாத அறைக்கு யார் பணம் கட்டுவது என்ற வரியை ஒப்பந்தத்தில் இரண்டு தடவை படியுங்கள்.

ஒரே ஊரில் பல வருஷமா, ஒவ்வொரு வருஷமும் வேறு ஊரா? உலக ரோபோ ஒலிம்பியாட் 2004இல் சிங்கப்பூரில் தொடங்கி புதுதில்லி, கோஸ்டாரிகா, ஹங்கேரி, பனாமா என்று சுற்றிவருகிறது. ஃபர்ஸ்ட் போட்டி அட்லாண்டாவில் 2004 முதல் 2010 வரை தங்கியிருந்தது. சுற்றினால் வெவ்வேறு நாட்டுப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் போட்டி வரும். தங்கினால் ஊரும் தன்னார்வலர்களும் வேலையைக் கற்றுக்கொள்வார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் குறைந்தது மூன்று வருஷம் ஒரே ஊரில் இருங்கள் என்பேன்.

கையெழுத்துக்கு முன்னால் ஒரு தடவை நேரில் போய், நிஜ ரோபோ எடையில் ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு சரக்கு இறக்கும் இடத்திலிருந்து களம் வரை, அங்கிருந்து ஹோட்டல் வரை நடந்து பாருங்கள். சக்கர நாற்காலியில் வருகிற மாணவரையும் அதே வழியில் அழைத்துப்போக முடியுமா என்றும் பாருங்கள். அப்புறம் ரத்து விதி: 2020இல் கோவிட் தொற்றால் ஹூஸ்டன், டெட்ராய்ட் இரண்டு ஊர்களிலும் ஃபர்ஸ்ட் போட்டி நடக்கவில்லை, 2008 மார்ச்சில் சூறாவளி அட்லாண்டாவின் ஜார்ஜியா டோமைச் சேதப்படுத்தியது, அடுத்த மாதமே அங்கே ஃபர்ஸ்ட் போட்டி நடக்கவேண்டியிருந்தது, நல்லவேளை நடந்தது. எந்தக் காரணத்துக்கு எவ்வளவு பணம் திரும்பும், தேதியைத் தள்ளிவைக்க உரிமை உண்டா, களம் அமைக்க எத்தனை நாள் முன்னால் சாவி தருவார்கள் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தாக வந்த பிறகே ஊரின் பெயரை அணிகளுக்கு அறிவியுங்கள். அதுவும் போட்டிக்கு ஒரு வருஷம் முன்னதாகவே அறிவித்தால்தான் தூரத்து அணிக்குப் பணம் சேர்க்கவும் விசா எடுக்கவும் நேரம் இருக்கும்.